ஓடுகிறது பம்பு, ஏறுகிறதா தண்ணீர்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ராஜகோபுரம் பதினொரு நிலைகள் கொண்டது. உயரம் 192 அடி. ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் உச்சிக்கு ஏறுங்கள் என்றால் யார் சம்மதிப்பார்கள்? இளம் பிள்ளைகள் வேண்டுமானால் ஒரு தடவை ஏறிப் பார்ப்பார்கள். மறு தடவை கூப்பிட்டால் ஓடிப் போவார்கள்!

ஆனால் இந்த வேலையைத்தான் நமக்காகச் சில யந்திரங்கள் இரவு பகலாகச் செய்து வருகின்றன. ஒரு குடமல்ல, இரண்டு குடமல்ல. நாள்தோறும் லட்சக்கணக்கான குடங்கள். அந்த யந்திரங்களுக்கு வயதாகிவிட்டால் என்ன நடக்கிறது? யார் கஷ்டப்படுகிறார்கள்? கிழட்டுப் பம்பை மாற்றுவது என்றால் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது மட்டும்தானா? குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவேண்டும் என்று நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

மலை பக்கத்தில், தண்ணீர் தூரத்தில்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் கிருஷ்ணன்கோவில். வத்திராயிருப்புக்குப் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. மேற்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல் தோன்றும். இத்தனை பெரிய மலை பக்கத்தில் இருக்கும்போது தண்ணீருக்கு என்ன குறை என்றுதான் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

குறை இருக்கிறது. இந்த மலையில் பிறந்து கிழக்கே ஓடும் ஆறுகள் மழையை நம்பியவை. அர்ச்சுனா நதியும் அதன் உடன்பிறப்புகளும் வைப்பாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகின்றன. மழை பெய்தால் வெள்ளம். மழை நின்றால் மணல். வத்திராயிருப்புக்கு மேற்கே பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் உண்டு. அவை கண்மாய்களையும் வயல்களையும் கவனிக்கின்றன. ராஜபாளையத்துக்கு மலையடிவாரத்தில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இருக்கிறது. அதுவும் வானம் பார்த்துத்தான் நிறைய வேண்டும்.

ஆகவே விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் பல, தெற்கே வெகுதூரத்தில் ஓடும் தாமிரபரணியை நாடவேண்டியதாயிற்று. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணி, தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே முடியும் வற்றாத நதி. ஆனால் அந்த நதி நம்மைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. திருநெல்வேலி கடல் மட்டத்துக்கு மேல் 50 மீட்டரை ஒட்டிய உயரத்தில் உள்ள நகரம். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் 100 மீட்டருக்கும் மேலான இடத்தில் இருக்கின்றன. அங்கிருந்து இங்கே வருவதற்குள் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கோபுர உயரமாவது ஏறியாக வேண்டும். அதோடு முடிந்ததா? குழாய்க்குள் பல மைல் தூரம் உராய்ந்து வர வேண்டும். பிறகு ஊர் மேல்நிலைத் தொட்டிக்கும் ஏற வேண்டும்.

எல்லா ஊருக்கும் இந்தத் தலைவிதி இல்லை. கோயம்புத்தூருக்குச் சிறுவாணித் தண்ணீர் 1929-ம் ஆண்டு முதல் மலையிலிருந்து தானாகவே இறங்கி வருகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் தண்ணீருக்கு மின்சாரச் செலவு இல்லை. சென்னைக்கு வரும் வீராணம் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வடக்குத்து என்ற இடத்தில் சுத்திகரித்த தண்ணீரைக் காடாம்புலியூர் வரை பம்பு ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து போரூர் வரை தானாகவே ஓடிவிடுகிறது. நமக்கோ அப்படிப்பட்ட பாக்கியம் இல்லை. பம்பு நின்றால் இங்கே தண்ணீர் நின்றது.

கிழிந்த சால்

முன்பெல்லாம் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க ஏற்றமும் கமலையும் இருந்தன. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும். தோல் சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். சாலில் ஓட்டை விழுந்தால் உடனே தெரிந்துவிடும். மாடுகள் அதே தூரம்தான் நடக்கும். அதே பாரத்தைத்தான் இழுக்கும். ஆனால் பாதித் தண்ணீர் வழியிலேயே கிணற்றுக்குள் கொட்டிவிடும். விவசாயி அன்றே தோலைத் தைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்.

1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. மின்சாரம் பரவப் பரவக் கமலை போன இடத்தில் மோட்டார் வந்தது. வசதி பெருகியது. ஆனால் ஒரு நஷ்டமும் கூடவே வந்தது. சாலின் ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தது. பம்பின் ஓட்டை தெரிவதில்லை.

பம்புக்குள்ளும் ஓட்டையா என்று கேட்கலாம். ஆம். குடிதண்ணீர் நிலையங்களில் இருக்கும் பம்பு பெரும்பாலும் சுழல் பம்பு. இரும்புக் கூட்டுக்குள் ‘இம்பெல்லர்’ என்ற சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 1,450 தடவையோ, அதற்குக் கூடவோ குறையவோ சுற்றும். நடுவில் நுழையும் தண்ணீரை அது விளிம்புக்கு வீசி எறியும். அந்த வேகமே அழுத்தமாக மாறித் தண்ணீரைக் குழாயில் ஏற்றுகிறது. சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். அதைக் காப்பதற்கென்றே தேய்மான வளையங்கள் போட்டிருப்பார்கள்.

வருஷக்கணக்கில் ஓடும்போது தண்ணீரில் வரும் நுண்மணல் அந்த வளையங்களை அரிக்கிறது. மயிரிழை இடைவெளி மெல்ல மெல்ல அகலமாகிறது. சக்கரம் வீசி எறிந்த தண்ணீரில் ஒரு பங்கு, அழுத்தம் குறைந்த நடுப்பகுதிக்கே அந்த இடைவெளி வழியாகத் திரும்பி ஓடிவிடுகிறது. அதையே பம்பு மறுபடியும் வீசி எறிகிறது. மறுபடியும் அது திரும்புகிறது. கிழிந்த சாலின் கதையேதான்! மோட்டார் ஓடுகிறது, சத்தம் வருகிறது, மின்சார மீட்டரும் சுற்றுகிறது. குழாயில் போகும் தண்ணீர் மட்டும் குறைகிறது.

வேறு நோய்களும் உண்டு. தொட்டியில் நீர்மட்டம் குறைந்தோ, உறிஞ்சு குழாயில் அடைப்பு ஏற்பட்டோ பம்பு தண்ணீருக்காகத் திணறினால், உள்ளே நீராவிக் குமிழ்கள் தோன்றி வெடிக்கும். கேட்பதற்குக் கூழாங்கற்களை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல் இருக்கும். அந்தக் குமிழ்கள் இரும்பையே அம்மை வடுப்போலக் குழியாக்கிவிடும். மோட்டார் எரிந்து போனால் சுருள் கட்டி மறுபடியும் ஓட்டுகிறோம். அதைச் சரியான முறையில் செய்யாவிட்டால், ஒவ்வொரு தடவை கட்டும்போதும் மோட்டாரின் திறமை கொஞ்சம் குறைந்துவிடும்.

குடக் கணக்கு

இதில் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோபுரமே நமக்கு அளவுகோல்.

15 லிட்டர் பிடிக்கும் ஒரு குடம். 192 அடி உயரம். ஒரு யூனிட் மின்சாரம் கொஞ்சமும் வீணாகாமல் வேலை செய்தால், 418 குடம் தண்ணீரைக் கோபுர உச்சிக்கு ஏற்றிவிடும். இது இயற்கையின் கணக்கு. இதற்கு மேல் ஒரு குடம்கூட ஏற்ற எந்த யந்திரத்தாலும் முடியாது.

நடைமுறையில் நல்ல பம்பு ஒன்று தனக்குக் கிடைக்கும் சக்தியில் 100-க்கு 80 பங்கைத் தண்ணீரில் சேர்க்கும். நல்ல மோட்டார் 100-க்கு 92 பங்கைப் பம்புக்குக் கொடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யூனிட்டுக்கு 307 குடம். இது திருப்தியான கணக்கு.

இப்போது தேய்ந்துபோன பம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் திறமை 55 பங்குக்கு இறங்கிவிட்டது. பலமுறை சுருள் கட்டிய மோட்டார் 85 பங்கில் நிற்கிறது. யூனிட்டுக்கு 195 குடம்தான் ஏறும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாயம்!

நாளைக்கு ஒரு கோடி லிட்டர் ஏற்றும் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். கிராமத்தில் ஆளுக்கு 55 லிட்டர் என்பது, மத்திய அரசு 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவு. அதன்படி இது சுமார் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கான தண்ணீர். கோபுர உயரத்துக்கு இதை ஏற்ற நல்ல பம்புக்கு நாள்தோறும் சுமார் 2,170 யூனிட் போதும். கிழட்டுப் பம்புக்கோ 3,410 யூனிட் வேண்டும். வருஷத்துக்கு வித்தியாசம் சுமார் நாலரை லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 36 லட்சம் ரூபாய்! இந்தப் பணம் பம்பின் கூட்டையும் மோட்டாரின் சுருளையும் சூடாக்கியதோடு சரி. ஒருவர் தாகத்தையும் அது தீர்க்கவில்லை.

ஆகவே, ‘பம்பு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?’ என்ற கேள்வியே தவறு. ஒரு பம்பு தன் வாழ்நாளில் தின்னும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை சொற்பம். மாட்டின் விலையைப் பார்த்துத் தீனிச் செலவை மறந்த கதையாக ஆகிவிடக்கூடாது.

கடைக்கோடி ஊர்

பணம் மட்டும்தான் நஷ்டம் என்றால்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். மனிதர்கள் படும் பாடுதான் பெரிது.

கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்பது ஒரே பிரதானக் குழாயில் பல ஊர்கள் கோத்திருக்கும் மாலை. அதில் 50 ஊர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பம்பு பழுதடைந்து தண்ணீர் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஊருக்குப் பத்துக் குடத்தில் ஒரு குடம் குறையும், அவ்வளவுதானே என்று நினைப்போம். அப்படி நடப்பதில்லை. நீரேற்று நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் அழுத்தம் இருக்கிறது; அவற்றின் தொட்டிகள் எப்போதும்போல் நிறைகின்றன. குறை முழுவதும் குழாயின் வால் நுனிக்குப் போய்ச் சேர்கிறது. 45 ஊர்களுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி 5 ஊர்களில் தொட்டி காலி!

அந்த ஊர்களில் என்ன நடக்கும்? பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தோட்டக் கிணறுகளுக்கு நடப்பார்கள். தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் கூலி வேலையை ஒரு நாள் விடுவார்கள். பள்ளிக்குப் போகவேண்டிய பெண் குழந்தை குழாயடியில் இடம் பிடித்து நிற்கும். பிறகு ஒருநாள் காலிக் குடங்களுடன் சாலை மறியல். ‘வாரியம் தண்ணீர் விடவில்லை’ என்பார்கள் ஊரார். ‘பம்பு 20 மணி நேரம் ஓடியிருக்கிறது, பதிவேட்டைப் பாருங்கள்’ என்பார்கள் நிலையத்தில். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். நடுவில் தேய்ந்துபோன வளையம் ஒன்று மௌனமாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த 20 மணி நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 16 மணி நேரத்தில் ஏறவேண்டிய தண்ணீர், பம்பின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 20 மணி நேரம் கேட்கும். அப்புறம் யந்திரத்துக்கு ஓய்வு இல்லை. பழுது பார்க்க நேரமில்லை. இடையில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் அதை ஈடுகட்ட வழியுமில்லை. கிழவனை இரட்டை வேலை வாங்கினால் என்ன ஆகும்? சீக்கிரம் படுத்துவிடுவான். பம்பும் அப்படியே.

மாற்றுவதிலும் ஒரு முறை

சரி, பம்பை மாற்றிவிடலாம் என்று தீர்மானித்தால் காரியம் முடிந்துவிடாது. முதல் தவறு, பழைய பம்பின் பெயர்த் தகட்டைப் பார்த்து அதே அளவில் இன்னொன்று வாங்குவது. முப்பது வருஷத்துக்கு முன்பு குழாய் வழவழப்பாக இருந்திருக்கும். இப்போது உள்ளே துருவும் படிவும் ஏறியிருக்கும். ஊர்கள் கூடியிருக்கும், புதிய தொட்டிகள் எழுந்திருக்கும். அன்றைய தேவை வேறு, இன்றைய தேவை வேறு. இன்று குழாயில் உண்மையாக எவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கிறது, எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளந்த பிறகே பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, ‘எதற்கும் கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிடுவோம்’ என்ற எண்ணம். பெரிய பம்பை வைத்துவிட்டுப் பிறகு வால்வைப் பாதி மூடி ஓட்டுவார்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே காரை ஓட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஒரு பம்புக்குப் பதில் இரண்டைச் சேர்த்து ஓட்டினால் தண்ணீர் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையும் பொய். குழாய் அதே குழாய்தானே! உராய்வு கூடும், மின்சாரம் கூடும், தண்ணீர் அதே அளவு கூடாது.

மூன்றாவது விஷயம் அபாயமானது. பலமான புதுப் பம்பு, நோஞ்சான் பழைய குழாய். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மின்சாரம் போனால், மைல் கணக்கில் நீளமுள்ள தண்ணீர்த் தூண் நின்று, திரும்பி, சம்மட்டி போல வந்து மோதும். திரும்பி வரும் தண்ணீரைத் தடுக்கும் வால்வும், காற்றை வெளியே விடும் வால்வும் சரியாக இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும். அப்புறம் ‘புதுப் பம்பு வந்தது, உள்ள தண்ணீரும் போயிற்று’ என்று ஜனங்கள் சொல்வார்கள். ஆகவே பம்போடு வால்வு, குழாய், மின்பலகை, டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகப் பார்க்க வேண்டும்.

இத்தனையையும் தண்ணீரை நிறுத்தாமல் செய்ய வேண்டும் என்பதுதான் பெரிய சவால். தறியை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கலாம். தாகத்தை நிறுத்த முடியுமா? மாற்றுப் பம்பு ஒன்றை ஓட்டிக்கொண்டே மற்றதைக் கழற்ற வேண்டும். அஸ்திவாரத்தில் போல்ட்டுகள் பொருந்த வேண்டும். மோட்டாரின் அச்சும் பம்பின் அச்சும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். அவசரத்தில் அது கொஞ்சம் பிசகினாலும் புது பேரிங் சில மாதங்களில் கத்த ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில், தேவை குறைந்த நாளில், ஒவ்வொன்றாக மாற்றுவதே புத்திசாலித்தனம்.

யந்திரத்தை மாற்றி நிலையத்தைக் காப்பது புதிய விஷயமல்ல. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இஞ்சினீயர் மேட்லி அமைத்த குடிநீர் நிலையம் 1914-ல் நீராவிப் பம்புகளோடு தொடங்கியது. பின்னர் அங்கே மின்சாரப் பம்புகள் வந்தன. யந்திரங்கள் மாறின, நிலையம் நூறு ஆண்டைக் கடந்து நிற்கிறது.

மூன்று எண்கள்

தமிழ்நாட்டில் குடிதண்ணீர்த் திட்டங்களை அமைப்பதற்கென்றே 1971-ல் குடிநீர் வடிகால் வாரியம் ஏற்பட்டது. அன்று முதல் திட்டங்கள் பெருகி வருகின்றன. புதுத் திட்டத்துக்கு அடிக்கல் உண்டு. திறப்பு விழா உண்டு. பழைய பம்பை மாற்றுவதற்கு விழா இல்லை. அதனாலேயே அது எப்போதும் பட்டியலின் கடைசியில் நின்றுவிடுகிறது.

பணத்துக்கு வழி இல்லாமலும் இல்லை. மின்சாரம் மிச்சமாகும் தொகையிலிருந்தே புதுப் பம்பின் விலையைத் தவணையாகக் கட்டிவிடலாம் என்ற யோசனை நம் தேசத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது. நகரங்களில் உள்ள பழைய குடிநீர், கழிவுநீர்ப் பம்புகளை இந்த முறையில் மாற்றுவதற்காக 2016-ல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகமும், எரிசக்திச் சிக்கனத்துக்கான அரசுத் துறை நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல்.லும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நகரத்துக்கு உகந்த அந்த வழி கிராமங்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கும் ஏன் உகந்ததாக இருக்கக்கூடாது?

ஆனால் எதற்கும் முன்னால் ஒரு சின்னக் காரியம் நடக்க வேண்டும். அளக்க வேண்டும். பம்பு எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதி வைத்தால் போதாது. குழாயில் போன தண்ணீர் எத்தனை லிட்டர், அழுத்தம் எவ்வளவு, செலவான மின்சாரம் எத்தனை யூனிட் என்ற மூன்று எண்கள் தினமும் பலகையில் எழுதப்பட வேண்டும். இந்த மூன்றையும் மாதந்தோறும் ஒப்பிட்டால் பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான், எந்தப் பம்பின் சால் கிழிந்திருக்கிறது என்று.

பல நிலையங்களில் பம்பு ஆபரேட்டருக்குச் சத்தத்தை வைத்தே பம்பின் உடல்நிலை தெரியும். அவர் வாயால் சொல்வதை எண்ணாக எழுதக் கருவி கொடுக்க வேண்டும். எழுதியதைப் படிக்க மேலே ஓர் அதிகாரி வேண்டும். அளவிடுவதற்கு ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. கிருஷ்ணன்கோவிலிலேயே 1984-ல் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் கலசலிங்கம் கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே பொறியியல் படிக்கும் மாணவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்து நீரேற்று நிலையங்களைச் சோதித்து அறிக்கை கொடுத்தால், அவர்களுக்குப் பாடமாகவும் இருக்கும்; ஊருக்கு உபகாரமாகவும் இருக்கும்.

கமலை இறைத்த நம் முன்னோர் இஞ்சினீயரிங் படித்தவர்களல்ல. ஆனால் மாடு நடந்த நடையை அவர்கள் கணக்கில் எழுதவில்லை; வாய்க்காலில் வந்த தண்ணீரைத்தான் பார்த்தார்கள். நாம் மோட்டார் ஓடிய மணியை எழுதிக்கொண்டிருக்கிறோம். வாய்க்காலைப் பார்க்கும் அந்தப் பழைய வழக்கம் திரும்பி வந்தால், கடைசி ஊரின் குழாயிலும் தண்ணீர் வரும்.